கிளிசராலும் உலோக வினையூக்கிகளும்: டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். ஓட்டல்களில் பொரித்த எண்ணெயை வாங்கிப் பயோடீசல் காய்ச்சுகிறவர்கள், சோப்பு போடுகிற சுயஉதவிக் குழுப் பெண்கள், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் என்று பலரும் கிளிசராலைப் பற்றிக் கேட்கிறார்கள். ஆள் மாறினாலும் கேள்வி பெரும்பாலும் மாறுவதில்லை. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கிளிசரின், கிளிசரால் இரண்டும் ஒன்றா?

ஒன்றுதான். பாடப்புத்தகத்தில் கிளிசரால், மருந்துக்கடைப் பாட்டிலில் கிளிசரின். நிறமில்லாத, இனிக்கிற, பாகு போன்ற திரவம். ஒரு லிட்டர் 1.26 கிலோ நிற்கும். கொதிநிலை 290 டிகிரி. 1779-இல் ஸ்வீடனில் ஷீலே என்ற வேதியியலாளர் ஆலிவ் எண்ணெயை ஈய ஆக்சைடோடு காய்ச்சியபோது இது முதலில் கண்ணில் பட்டது.

பயோடீசல் டிரம்மின் அடியில் தங்குகிற பழுப்புக் குழம்பு இதுதானா?

இதுவும், இதோடு சேர்ந்த நாலைந்து சமாச்சாரங்களும். கோயில் விளக்குக்கு ஊற்றும் இலுப்பை எண்ணெயோ, புங்கெண்ணெயோ, பஜ்ஜி போட்ட பாமாயிலோ, எதுவானாலும் உள்ளே இருப்பது ஒரே அமைப்புதான்: ஒரு கிளிசரால் மூன்று கொழுப்பமிலங்களைக் கோத்து வைத்திருக்கிறது. மெத்தனாலும் காரமும் சேர்த்துச் சூடாக்கினால் கொழுப்பமிலங்கள் கழன்று மெத்தனாலோடு சேர்ந்து பயோடீசலாகும். கிளிசரால் தனியாகி அடியில் இறங்கிவிடும். 100 கிலோ எண்ணெய்க்குச் சுமார் 10 கிலோ கிளிசரால் என்று கணக்கு. ஆனால் அந்தக் குழம்பில் மீந்த மெத்தனால், சோப்பு, காரம், உப்பு, தண்ணீர் எல்லாம் இருக்கும். குழம்பில் பாதிதான் கிளிசரால் என்கிற அளவுக்கும் போகும்.

இந்தக் குழம்பு இனி கூடத்தான் போகிறது. ஓட்டல் எண்ணெயில் துருவச் சேர்மங்கள், அதாவது திரும்பத் திரும்பக் காய்வதால் எண்ணெய் சிதைந்து சேரும் பொருள்கள், 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் இருக்கிறது. அந்த எண்ணெய் பயோடீசலுக்கு வந்து சேர்வது நல்லது. 2030-க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் கலக்க வேண்டும் என்பது 2018 தேசிய உயிரி எரிபொருள் கொள்கையின் இலக்கு. பயோடீசல் கூடக் கூட அடியில் தங்குவதும் கூடும்.

சர்க்கரை மாதிரி மக்கிப்போகும் பொருள்தானே? வாய்க்காலில் விட்டால் என்ன?

விடவே கூடாது. இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள்.

கிளிசரால் மக்கும் என்பது உண்மை. மக்குவதற்கு ஆக்சிஜன் வேண்டும். ஒரு கிராம் கிளிசரால் முழுதாக மக்க 1.2 கிராம் ஆக்சிஜன் ஆகும். நல்ல வாய்க்கால் தண்ணீரிலேயே ஒரு லிட்டருக்கு 7, 8 மில்லிகிராம்தான் ஆக்சிஜன் கரைந்திருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரே ஒரு கிலோ கிளிசரால் ஒன்றரை லட்சம் லிட்டர் தண்ணீரின் ஆக்சிஜனைத் தின்று தீர்க்கும். இதில் குழம்போடு வரும் மெத்தனாலையும் காரத்தையும் நான் சேர்க்கவில்லை.

அரசலாற்றிலிருந்து பிரிகிற ஒரு வாய்க்காலில் இதைக் கண்ணால் பார்த்தேன். யாரோ ராத்திரியில் டிரம்மைக் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தார்கள். விடிகாலையில் மதகு ஓரம் தண்ணீர் நுரைத்துக் கிடந்தது. கெண்டைகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மதியத்துக்குள் மிதந்தன. விரால் மட்டும் பிழைத்தது, அது காற்றை நேராக மூச்சு வாங்கும் மீன். கீழ்மடைக்காரர் நாற்றங்காலுக்குத் தண்ணீர் திறக்கலாமா வேண்டாமா என்று என்னிடம் கேட்டார். இரண்டு நாள் பொறுங்கள் என்றேன். முறைத் தண்ணீரில் இரண்டு நாள் போவது என்றால் என்னவென்று டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, உலோகம் இதில் என்ன செய்கிறது?

கிளிசராலைக் கொட்டாமல் விலை போகும் வேறு பொருளாக மாற்ற உலோகம் உதவுகிறது. கரும்பு நடுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். கிளிசராலை ஒரு மூன்று பரு கரணையாக நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று கணு, அதாவது மூன்று கார்பன். கணுவுக்கு ஒரு பரு, அதாவது ஒரு ஹைட்ராக்சில் தொகுதி. கரணையை இரண்டு விதமாக வெட்டலாம். கணுவை விட்டுவிட்டுப் பருவை மட்டும் சீவி எடுக்கலாம். அல்லது கரணையையே நடுவில் துண்டாக்கலாம். வேதியியல் மொழியில் முதலாவது கார்பன்-ஆக்சிஜன் பிணைப்பை உடைப்பது, இரண்டாவது கார்பன்-கார்பன் பிணைப்பை உடைப்பது.

எந்தப் பிணைப்பு உடையும் என்பதை உலோகம் தீர்மானிக்கிறது. செம்பு பருவைச் சீவும், கரணையைத் தொடாது. ருத்தேனியமும் நிக்கலும் கரணையையும் ஒடிக்கும். ருத்தேனியத்தைப் போட்டால் எத்திலீன் கிளைக்கால், மீத்தேன் என்று சில்லறையாக வந்துவிடும். உலோகம் செலவாவதில்லை என்பதால் வினையூக்கி என்கிறோம். ஆனால் கரி படிந்தும், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டியும், விஷம் ஏறியும் அது ஓய்ந்துபோகும். ஆய்வுக்கூடத்தில் பாதி உழைப்பு அந்த ஓய்வைத் தள்ளிப்போடுவதிலேயே கழிகிறது.

செம்புக் குடத்தில் ஊற்றிக் காய்ச்சினால் நடக்குமா?

நடக்காது. சிரிப்பதற்கில்லை, நல்ல கேள்வி. ஒரு செம்புக் குடத்தின் பரப்பு உள்ளும் புறமும் சேர்த்தால் அரை சதுர மீட்டர் தேறும். வினை நடப்பது பரப்பில்தான், உலோகத்தின் உள்ளே இருக்கும் அணுக்களுக்கு வேலையே இல்லை. ஆகவே உலோகத்தைச் சில நானோமீட்டர் துகள்களாக்கி, நுண்துளைகள் நிறைந்த ஒரு தாங்கியின் மேல் தூவுகிறார்கள். சிலிக்கா, அலுமினா போன்ற நல்ல தாங்கியில் ஒரு கிராமுக்கு 200 சதுர மீட்டர் பரப்பு இருக்கும். நம் கணக்கில் 15 குழி. ஏழு கிராம் எடுத்தால் உள்ளங்கையில் ஒரு மா நிலம்.

உமிச் சாம்பலைத் தாங்கியாக்கலாம் என்கிறார்களே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. உமியை எரித்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். சாம்பலில் 85 முதல் 95 சதவீதம் சிலிக்கா. ஒரு டன் நெல்லுக்கு 40 கிலோ சாம்பல் விழுகிறது. அரிசி ஆலைகளின் பின்பக்கம் குவிந்து, ஆடிக் காற்றில் பறந்து கண்ணில் விழுவது இதுதான். உமிச் சாம்பலில் செம்பையும் நிக்கலையும் ஏற்றி வினையூக்கி செய்யும் ஆய்வுகள் தைவானில் பல ஆண்டுகளாக வந்திருக்கின்றன. தஞ்சைத் தரணியில் இதற்கு மூலப்பொருள் தேடி அலைய வேண்டியதில்லை.

எரிக்கிற சூடு முக்கியம். 700 டிகிரிக்குக் கீழே நிதானமாக எரித்தால் சிலிக்கா உருவமற்றதாக, துளைகளோடு இருக்கும். அதற்கு மேல் போகப் போகப் படிகமாகி, துளை அடைத்து, பரப்பு போய்விடும். அந்தத் தூசி நுரையீரலுக்கும் கெடுதல். பாய்லர் சாம்பல் பெரும்பாலும் கலவையாகத்தான் கிடைக்கும். நாங்கள் செய்வது இப்படி: உமியை முதலில் நீர்த்த அமிலத்தில் கொதிக்கவைத்துக் கழுவுகிறோம். பொட்டாசியம் போன்றவை அதில் போய்விடும். பிறகு 600 டிகிரி உலையில் வைத்தால் சாம்பல் நிறமே இல்லாமல் சுண்ணாம்பு வெள்ளையாக, உமியின் வடிவம் கலையாமல் வரும். விரலில் எடுத்துத் தேய்த்தால் முகப்பவுடர் போல வழுக்கும்.

அதன் மேல் காப்பர் நைட்ரேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பிசைவோம். நீலமாகும். 110 டிகிரியில் உலர்த்தி, 400-க்கு மேல் சுட்டால் பழுப்புப் புகை விட்டுக் கறுக்கும். அந்தப் புகை நைட்ரஜன் டைஆக்சைடு, புகைபோக்கி இல்லாமல் செய்யாதீர்கள். கறுப்பு காப்பர் ஆக்சைடு. கடைசியில் 300 டிகிரி அளவில் ஹைட்ரஜன் செலுத்தினால் கறுப்பு மெல்லச் செம்பழுப்பாகும். உண்மையான செம்பு இப்போதுதான் வந்திருக்கிறது. சுவாமிமலையில் மெழுகு உருகி ஓடிய அச்சில் உலோகம் இறங்கி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த நிறம் பழக்கமானது.

எந்த உலோகம் எந்தப் பொருளைத் தரும்?

செம்பு: புரொப்பிலீன் கிளைக்கால். கிளிசரால் முதலில் ஒரு தண்ணீர் மூலக்கூறை இழந்து அசெட்டால் ஆகும். அது ஹைட்ரஜனை வாங்கிக்கொண்டு புரொப்பிலீன் கிளைக்கால் ஆகும். அமெரிக்காவில் மிசௌரி பல்கலைக்கழகத்தின் கேலன் சப்பெஸ் குழு காப்பர் குரோமைட்டை வைத்து 200 டிகிரியில், 200 பிஎஸ்ஐ என்கிற ஓரளவு குறைந்த அழுத்தத்திலேயே இதை நடத்திக் காட்டியது. 2006-இல் அந்நாட்டின் பசுமை வேதியியல் விருது அவருக்குக் கிடைத்தது. அதில் இருக்கும் குரோமியம் எனக்கு உவப்பில்லை. ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்று தெரிந்த பிறகு, வெறும் செம்பு-சிலிக்கா, செம்பு-துத்தநாக ஆக்சைடு போன்றவற்றில்தான் மாணவர்களை இறக்குகிறேன். அவையும் நன்றாகவே வேலை செய்கின்றன.

நடுப்பருவை மட்டும் சீவினால் 1,3-புரொப்பேன்டயால். துணி நூலுக்குப் போகும் விலையுயர்ந்த சரக்கு. நடுவில் கை வைப்பது கடினம். பிளாட்டினத்தோடு டங்ஸ்டன், இரிடியத்தோடு ரீனியம் என்று ஜோடி போட்டுத்தான் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஓரளவு சாதித்தார்கள். இந்த ஒரு பொருளுக்கு நுண்ணுயிரிகள் உலோகத்தைவிடக் கெட்டிக்காரர்கள் என்பது என் எண்ணம்.

நிக்கல், பிளாட்டினம்: ஹைட்ரஜன் வாயு. நீராவியோடு சேர்த்து உடைத்தால் ஒரு கிளிசராலுக்கு ஏழு ஹைட்ரஜன் மூலக்கூறு. கிலோவுக்கு அதிகபட்சம் 150 கிராம். நிக்கல் மலிவு, ஆனால் சீக்கிரம் கரி பிடிக்கும். 2002-இல் விஸ்கான்சினில் டுமெசிக் குழு பிளாட்டினத்தை வைத்து, 225 முதல் 265 டிகிரியில் தண்ணீருக்குள்ளேயே, ஆவியாக்காமல், இதை நடத்தியது.

தங்கம்: இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். தஞ்சாவூர் ஓவியத்தில் ஒட்டிய தங்க ரேக்கு நூறு வருஷமானாலும் கறுக்காது. தங்கம் எதோடும் சேராது என்பதுதான் அதன் பெருமை. அதே தங்கத்தை நானோ துகள்களாக்கிக் கரியின் மேல் ஏற்றினால் கதையே வேறு. காரம் சேர்த்த தண்ணீரில், 60 டிகிரியில், ஆக்சிஜனோடு கிளிசராலை கிளிசரிக் அமிலமாக்கும். கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் ஹட்சிங்ஸ் குழு 2002-இல் வேறு எதுவும் கலக்காமல் அந்த ஒரு பொருளையே எடுத்துக் காட்டியது. பிளாட்டினத்தில் பிஸ்மத் சேர்த்தால் நடுப்பரு ஆக்சிஜனேற்றமாகி டைஹைட்ராக்சி அசெட்டோன் வரும், அழகுசாதனப் பொருள்களில் சேர்ப்பது.

புரொப்பிலீன் கிளைக்காலை யார் வாங்குவார்கள்?

நாகப்பட்டினம், தரங்கம்பாடி, பூம்புகார் கரையில் நிற்கும் ஃபைபர் படகுகளைப் பாருங்கள். கண்ணாடி இழையை இறுக்கிப் பிடித்திருக்கும் பாலியஸ்டர் ரெசின் செய்ய இதுதான் முக்கியச் சரக்கு. களிம்பு, மருந்து, குளிர்விப்பான் திரவம் என்று இன்னும் பல. இன்றைக்குப் பெரும்பகுதி பெட்ரோலியப் புரொப்பிலீனிலிருந்து வருகிறது.

பழுப்புக் குழம்பை நேராக வினையூக்கியில் விடலாமா?

விட்டால் வினையூக்கி செத்துவிடும். கந்தகமும் குளோரைடும் செம்புக்கு விஷம், சோப்பும் உப்பும் துளைகளை அடைக்கும். சுத்தம் செய்வதுதான் முதல் வேலை. நான் சொல்லப் போகிறதில் உங்கள் பணம் இருக்கிறது, நிதானமாகப் படியுங்கள்.

முதலில் மெத்தனாலை மீட்க வேண்டும். 65 டிகிரியில் கொதிக்கும், மூடிய கலத்தில் சூடாக்கிக் குளிரவைத்தால் திரும்பக் கிடைக்கும், மறுபடி எண்ணெயில் போடலாம். திறந்த டிரம்மில் காய்ச்சாதீர்கள். ஆவி தீப்பிடிக்கும், கண்ணையும் பறிக்கும். 2024-இல் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது இதே மெத்தனால்.

பிறகு அமிலம். நீங்கள் பயோடீசலுக்குக் காஸ்டிக் பொட்டாஷ் போட்டிருந்தால் பாஸ்பாரிக் அமிலத்தை மெல்ல ஊற்றிக் கலக்கி, ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் மூன்று அடுக்காகப் பிரிந்திருக்கும். மேலே கருத்த கொழுப்பமிலம், நடுவில் தேன்நிறக் கிளிசரால், அடியில் பொரிமாவு படிந்தது போல வெள்ளை உப்பு. அந்த உப்பு பொட்டாசியம் பாஸ்பேட். மெத்தனால் இல்லாமல் கழுவி எடுத்தால் வயலுக்கு உரம். காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் விலை மலிவுதான், ஆனால் அவை தருவது சாதா உப்பு. வயலுக்கும் ஆகாது, வினையூக்கிக்கும் ஆகாது. ஆகவே பொட்டாஷுக்கு மாறுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். அதற்கு மேல் சுத்தம் வேண்டுமென்றால் வெற்றிடத்தில் காய்ச்சி வடிக்க வேண்டும், அது பெரிய ஆலையின் வேலை.

நாங்கள் போடும் சோப்பிலும் கிளிசரின் தனியாக எடுக்கலாமா?

வேண்டாம். குளிர்முறையில் போடும் சோப்பில் அது உள்ளேயே தங்கித் தோலைக் காக்கிறது. பெரிய ஆலைகள் உப்புப் போட்டு அதைப் பிரித்து எடுத்துவிடுகின்றன. உங்கள் சோப்பின் மதிப்பே எடுக்காமல் விட்டதில்தான் இருக்கிறது.

கொட்டகையில் சின்னதாக ஒரு புரொப்பிலீன் கிளைக்கால் யூனிட் போடலாமா?

கூடாது. ஹைட்ரஜன், 200 டிகிரி, வளிமண்டலத்தைப் போல 14 மடங்கு அழுத்தம். கசிந்தால் ஒரு சுவிட்ச் பொறி போதும். இன்னொன்றும் உண்டு. கிளிசரால் தப்பான இடத்தில் தண்ணீரை இழந்தால் அக்ரோலின் வரும். வடைச்சட்டி எண்ணெய் புகைந்து கண் எரியும்போது நீங்கள் அனுபவிப்பது அதன் சிறு துளி. மூடிய கொட்டகையில் அது உயிரைக் குடிக்கும்.

சுத்தம் செய்ததை இருமல் மருந்துக்கோ அழகுசாதனத்துக்கோ விற்கலாமா?

ஒருக்காலும் கூடாது. கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் புகுந்து 1937-இல் அமெரிக்காவில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். 1973-இல் சென்னையில் குழந்தைகள் இறந்தார்கள். 2022-இல் காம்பியாவில் மறுபடி குழந்தைகள். மருந்துத் தரம் என்பது ஒவ்வொரு தொகுதியையும் சோதித்துக் கையெழுத்துப் போடும் ஆலைக்கு உரியது. உங்கள் டிரம்மில் 'தொழில் உபயோகம் மட்டும்' என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

டெல்டாவில் இதற்கு ஆலை வைக்கச் சட்டம் விடுமா?

2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எண்ணெய், எரிவாயுத் துரப்பணம், செம்பு, துத்தநாக உருக்காலை, தோல் தொழிற்சாலை போன்றவற்றைப் புதிதாகத் தொடங்கத் தடுக்கிறது. அந்தப் பட்டியலில் கிளிசரால் சுத்திகரிப்பு இல்லை. ஆனாலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி இல்லாமல் எதுவும் ஆகாது. என் கருத்தைக் கேட்டால், சேகரிப்பும் சுத்திகரிப்பும் இங்கே நடக்கட்டும், அழுத்த உலைகள் ஏற்கெனவே ரசாயனத் தொழில் உள்ள ஊர்களில் இருக்கட்டும். பாசன நிலத்துக்கு நடுவே ஹைட்ரஜன் தொட்டி எனக்குச் சம்மதமில்லை.

லாபம் இருக்கிறதா?

எடைக் கணக்கைப் பாருங்கள். 100 கிலோ கிளிசராலும் 2.2 கிலோ ஹைட்ரஜனும் சேர்ந்து அதிகபட்சம் 82 கிலோ புரொப்பிலீன் கிளைக்கால் தரும், மீதி தண்ணீர். ஆகவே கிளைக்கால் விலை கிளிசரால் விலையைவிட நன்றாக மேலே நின்றால்தான் கட்டுப்படியாகும், அந்த இடைவெளி வருஷா வருஷம் மாறுகிறது. மாதம் சில நூறு கிலோ குழம்பு எடுக்கிற ஒருவருக்கு வருமானம் மூன்று இடத்தில்: மீட்ட மெத்தனால், உரமாகும் உப்பு, சுத்தமான கிளிசரால். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே சுத்திகரிப்புக் கலம் வைத்து, டேங்கர் நிறையும்வரை சேர்த்து விற்றால் விலை பேச முடியும். தனித்தனியாகப் போனால் இடைத்தரகர் சொன்னதுதான் விலை.

எங்கள் கல்லூரியில் அழுத்த உலை கிடையாது. புராஜெக்ட் என்ன செய்வது?

அழுத்தம் வேண்டாத வினை ஒன்று இருக்கிறது: கிளிசராலை அசெட்டால்வரை மட்டும் கொண்டுபோவது. மேலே சொன்ன உமிச் சிலிக்கா-செம்பை ஒரு கண்ணாடிக் குழாயில் இரண்டு கிராம் நிரப்பி, குழாய் உலையில் 250 டிகிரியில் வையுங்கள். நைட்ரஜன் மெல்ல ஓடட்டும். 20 சதவீதக் கிளிசரால் கரைசலைச் சிரிஞ்ச் பம்பில் சொட்டுச் சொட்டாக மேலிருந்து விடுங்கள். செம்பைக் கறுப்பிலிருந்து சிவப்பாக்க மட்டும், ஆசிரியர் கூட இருக்கும்போது, நைட்ரஜனில் 5 சதவீதம் கலந்த ஹைட்ரஜனைப் பயன்படுத்துங்கள். ஐஸில் வைத்த குடுவையில் சேர்வது தண்ணீரும் அசெட்டாலும்தான் பெரும்பாலும். புகைபோக்கிக்குள் செய்யுங்கள், அக்ரோலினை மறக்க வேண்டாம்.

கேஸ் குரோமட்டோகிராஃபி இல்லையே என்று கவலைப்படாதீர்கள், அளவை அறிய அருகிலுள்ள பல்கலைக்கழகத்துக்கு மாதிரி அனுப்பலாம். அசெட்டால் வந்ததா என்று அன்றைக்கே தெரிந்துகொள்ள ஃபெலிங் கரைசல் போதும். ஒரு சோதனைக் குழாயில் வெறும் கிளிசரால், இன்னொன்றில் நீங்கள் பிடித்த திரவம். இரண்டிலும் ஃபெலிங் விட்டு வெந்நீரில் நிறுத்துங்கள். முதல் குழாய் நீலமாகவே நிற்கும். இரண்டாவதில் நீலம் பச்சையாகக் கலங்கி, சில நிமிடத்தில் அடியில் செங்கல் நிறத்தில் படியத் தொடங்கும்.